எம்டன் கப்பலும் செண்பகராமன் பிள்ளையும்

சென்ற ஆண்டு நம் காலனிக் குடும்பங்கள் பொன்முடி மலைக்கு உல்லாசப் பயணம் சென்றதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொண்டையூசி வளைவுகள் இருபத்திரண்டையும் கடந்து மேலே சென்று, கட்டுச்சோற்றை அவிழ்த்து அமர்ந்தபோது, பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். "இந்தத் திருவனந்தபுரத்துச் சீமையில் பிறந்த தமிழன் செண்பகராமன்தான், எம்டன் என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து சென்னைமேல் குண்டு போட்டான்" என்றார். பிள்ளைகள் கைதட்டினர், நாமும் தட்டினோம். ஒரு சிறுமி மட்டும், "இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, தாத்தா?" என்று வினவினாள். பெரியவர் நம் முகத்தைப் பார்த்தார், நாம் விழித்தோம். அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றை முதற்கண் கூறுவோம். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு ஒன்பதரை மணிக்குமேல், தளபதி வான் முல்லரின் கீழ் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை அணுகி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளை நோக்கிச் சுட்டது. அரைமணி நேரத்துக்குள் ஏறக்குறைய 130 குண்டுகள் பாய்ந்தன. தொட்டிகள் தீப்பற்றின, துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பல் ஒன்றும் அடிபட்டது, சிலர் மாண்டனர். அடுத்து வந்த நாட்களில் மக்கள் ரயிலேறி ஊரைவிட்டு ஓடினர். குண்டு பட்டதைக் குறிக்கும் கல் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் உள்ளது. 'எம்டன்' என்ற சொல்லோ நம் வீட்டுப் பேச்சிலேயே குடியேறிவிட்டது.

இனிப் பிழைகளைக் களைவோம். எம்டன் நீர்மூழ்கியன்று, நீர்மேல் செல்லும் குரூசர் வகைக் கப்பல். வீழ்ந்தவை பீரங்கிக் குண்டுகள். வானிலிருந்து போட்டவை அல்ல.

செண்பகராமன் அக்கப்பலில் இருந்தாரா? நாம் ரயில்வேயில் எழுதிப் பிழைப்பவர்கள். ஒரு பயணி இன்ன வண்டியில் வந்தார் என்றால், அவர் இருந்த ஊரில் அவ்வண்டி நின்றதா என்பதையே முதலில் பார்ப்போம். எம்டனின் தளம் சீனக் கடற்கரையிலுள்ள சிங்தாவ். போர் மூண்டதும், 1914 ஆகஸ்டில் அது பசிபிக் கடலின் பாகன் தீவில் தன் படைப்பிரிவோடு சேர்ந்தது; அங்கிருந்து தனியே பிரிந்து வங்கக் கடலுக்கு வந்தது. ஐரோப்பியத் துறை எதையும் அது தொடவில்லை. செண்பகராமனோ அவ்வாண்டு ஐரோப்பாவில் இருந்தார். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்காக ஒரு குழுவை அமைத்து, பின்னர் பெர்லின் சென்று அங்கிருந்த இந்தியர் குழுவில் சேர்ந்தார். சூரிச்சில் இருந்தவர் பாகன் தீவில் ஏறியிருக்க இயலுமா?

இதனால் அவர் பெருமை குறையுமோ என்று அன்பர்கள் அஞ்ச வேண்டா. 1891இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, இளம் வயதிலேயே கடல் கடந்து, நாட்டு விடுதலைக்காக உழைத்து, 1934இல் பெர்லினில் மறைந்தவர் அவர். அவருடைய அஸ்தி 1966இல் இந்தியக் கடற்படைக் கப்பலில் கேரளத்துக்கு வந்து சேர்ந்தது. இவை மெய். மெய்யோடு பொய்யையும் கலந்து வைத்தால், பொய் வெளிப்படும் நாளில் மெய்யையும் ஐயுறுவார்கள்.

மற்றொன்றும் உண்டு. அன்றிரவு மாண்டோர் ஐவர் என்பாரும் உளர். வேறு எண் கூறுவாரும் உளர். குண்டுகளின் எண்ணிக்கையையோ நூல்கள் பெருமையோடு எழுதுகின்றன. எம்டனின் துணைத் தளபதி முயூக்கே மறு ஆண்டே நூல் எழுதினார். கப்பலில் நடந்ததற்கு அவர் சாட்சி. கரையில் மாண்டவரைப் பற்றிக் கரையிலிருந்தவர்களே சாட்சி. ஆதலின் எழுதுவோர், "இதனை இன்னார் கூறுகிறார்; இன்ன ஆண்டில் எழுதினார்" என்று ஒரு வரி சேர்த்தல் கடமையாகும். எண் மாறுபட்டால் இரண்டையும் எழுதுக. மாண்டோர் யாரோ பெற்ற பிள்ளைகள். அவர்களைக் கூட்டிச் சொல்லவும் குறைத்துச் சொல்லவும் நமக்கு உரிமை இல்லை.

அச்சிறுமிக்கு நாம் ஓராண்டு கடன்பட்டிருந்தோம். இம்மலரில் அதனைத் தீர்க்கிறோம். அடுத்த முறை பொன்முடியில் இக்கதையைச் சொல்லும் பெரியவர்கள், கப்பல் புறப்பட்ட துறைமுகத்தையும் சேர்த்துச் சொல்வார்களாக.