சாண்ட்விச் வழக்கும் சல்லிசு டிக்கெட்டும்

1958-இல் ஒரு விமானக் கம்பெனிக்கு 20,000 டாலர் அபராதம் போட்டார்கள். அது பயணிகளுக்குக் கொடுத்த சாண்ட்விச் தேவைக்கு மேல் நன்றாக இருந்தது என்பதுதான் குற்றம்.

கட்டுக்கதை இல்லை. அன்றைக்கு வெளிநாட்டு விமானக் கட்டணத்தை எந்தக் கம்பெனியும் தன்னிஷ்டத்துக்கு வைத்துவிட முடியாது. 1945-இல் ஹவானாவில் அமைத்த அயாட்டா சங்கத்தில் கம்பெனிகள் எல்லாம் கூடிப் பேசிக் கட்டணத்தை முடிவு செய்யும்; அந்தந்த நாட்டு அரசு ஒப்புதல் கொடுக்கும். விலை எல்லோருக்கும் ஒன்று என்றால் போட்டியை எதில் காட்டுவது? சாப்பாட்டிலும் உபசரிப்பிலும்தான். 1958 ஏப்ரலில் அட்லாண்டிக் வழித்தடத்தில் எகானமி வகுப்பு வந்தபோது அந்த வழியையும் சங்கம் அடைத்தது. இருக்கைக்கும் இருக்கைக்கும் 34 அங்குலம், சாப்பாட்டுக்கு ஆறிய, எளிய, மலிவான சாண்ட்விச் என்று விதி எழுதிவிட்டார்கள். ஸ்காண்டிநேவியக் கம்பெனியான எஸ்.ஏ.எஸ். சும்மா இருக்கவில்லை. தங்கள் ஊர் வழக்கப்படி ஒற்றை ரொட்டித் துண்டின் மேல் இறைச்சி, மீன், காய் என்று அடுக்கி, அதுவும் சாண்ட்விச்தான் என்று பரிமாறியது. போட்டிக் கம்பெனியான பான் ஆம் புகார் கொடுத்தது. லண்டனில் கூட்டம் போட்டு, சாண்ட்விச் என்றால் அதில் பெரும்பங்கு ரொட்டியாக இருக்க வேண்டும் என்று பெரிய மனிதர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்.

திருச்சியில் டிக்கெட் எழுதியே காலம் தள்ளியவன் நான். மலிவு டிக்கெட்டைப் பற்றி யாராவது கேட்டால் இந்த வழக்கிலிருந்துதான் ஆரம்பிப்பேன். "குறைஞ்ச விலைக்குப் போனா உயிருக்கு உத்தரவாதம் உண்டா?" என்று கேட்கிறவர்கள், விலையும் சாப்பாடும் பாதுகாப்பும் ஒரே கயிற்றில் கட்டியவை என்று நினைக்கிறார்கள். அவை என்றைக்கும் அப்படி இருந்ததில்லை.

அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராமல் நின்றது ஐஸ்லாந்தின் லாஃப்ட்லைடிர். அயாட்டாவில் சேராததால் நியூயார்க்கிலிருந்து ரெய்க்யவிக் வழியாக லக்ஸம்பர்க்குக் குறைந்த விலையில் ஆளை ஏற்றியது. ஊரெல்லாம் ஜெட் பறக்கும்போது இவர்களிடம் இருந்தது உந்துவிசிறி விமானம். மெதுவாகத்தான் போவோம், ஆனால் விலை குறைவு என்று விளம்பரத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். மாணவர்களும் ஹிப்பிகளும் அதில் நிறைந்து போனார்கள்.

அடுத்து வந்தவர் ஃப்ரெடி லேக்கர். ஆண்டுக்கணக்கில் அரசோடும் பெரிய கம்பெனிகளோடும் மல்லுக்கட்டி அனுமதி வாங்கி, 1977 செப்டம்பர் 26-இல் லண்டன் கேட்விக்கிலிருந்து நியூயார்க்குக்கு 'ஸ்கைட்ரெய்ன்' விட்டார். ஒருவழிக் கட்டணம் 59 பவுண்டு. முன்பதிவு கிடையாது, அன்றைய டிக்கெட்டை அன்றைக்கே வரிசையில் நின்று வாங்க வேண்டும். சாப்பாடு வேண்டுமென்றால் தனிக் காசு. இன்றைக்கு எல்லா மலிவுக் கம்பெனியும் செய்வதை அவர் அன்றைக்கே செய்துவிட்டார்.

1979 மே 25-இல் சிகாகோவில் ஒரு டி.சி-10 விமானம் புறப்படும்போதே இடப்பக்க இன்ஜின் கழன்று, விமானமும் விழுந்து நொறுங்கியது. 273 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் அந்த ரகத்தையே பறக்கவிடாமல் நிறுத்தினார்கள், மற்ற நாடுகளிலும் பல விமானங்கள் நின்றன. லேக்கரிடம் இருந்ததும் டி.சி-10தான், அவருடைய விமானங்களும் வாரக்கணக்கில் முடங்கின. ஆனால் சிகாகோவில் விழுந்தது மலிவு விமானம் இல்லை. முழுக் கட்டணம் வாங்கும் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் விமானம். இன்ஜினை முதலில் கழற்று, அதைச் சிறகோடு இணைக்கும் தூணைப் பிறகு கழற்று என்று தயாரித்தவர்கள் சொல்லியிருந்தார்கள். பட்டறையில் இரண்டையும் சேர்த்தே கழற்றி, ஃபோர்க்லிஃப்டில் தாங்கிப் பிடித்துத் திரும்ப மாட்டினார்கள். விமானம் ஒன்றுக்குச் சுமார் 200 ஆள்மணி நேரம் மிச்சம். அப்படி மாட்டியதில் தூணில் விரிசல் விட்டது யார் கண்ணிலும் படவில்லை. பயணி கொடுத்த முழுக் கட்டணத்துக்கு உள்ளே சுடச்சுடச் சாப்பாடு கிடைத்தது. மிச்சம் பிடித்தது அவன் போகவே முடியாத பட்டறையில்.

லேக்கர் 1982 பிப்ரவரி 5-இல் திவாலானார். ஏறக்குறைய 6,000 பேர் ஆங்காங்கே மாட்டிக்கொண்டார்கள். அவரை ஒழிக்கப் பெரிய கம்பெனிகள் கூடிச் சதி செய்தன என்று போட்ட வழக்கு 1985-இல் நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்து முடித்துக்கொள்ளப்பட்டது. மலிவு டிக்கெட் வாங்கியவனுக்கு நிஜமாகவே வரக்கூடிய ஆபத்து இந்த மாட்டிக்கொள்வதுதான் என்பது என் கணிப்பு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்த 1980-களில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சிங்கப்பூர், மலேசியா என்றால் இன்னும் கப்பல்தான் நினைவுக்கு வரும். 1926-இல் கட்டிய ராஜுலா ஐம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று. டெக் பயணிகள் பாயை விரித்துப் படுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள். பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்து நின்றது. அதற்கு மேல் கீரனூர்க்காரருக்கும் பட்டுக்கோட்டைக்காரருக்கும் விமானத்தை விட்டால் வேறு வழியில்லை. கப்பலில் ஒரு வாரம் தரையில் படுத்துப் போனவரின் மகனிடம் நாலு மணி நேர விமானத்தில் கால் நீட்ட இடம் இருக்காது என்றால், "பரவால்லண்ணே, விலை என்ன, அதச் சொல்லுங்க" என்பான்.

விலையைச் சொல்வதற்கு அப்போது படிப்பு வேண்டும். மேசைமேல் தடித் தடியாகக் கட்டணப் புத்தகங்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு இத்தனை மைல்வரை இந்தக் கட்டணம் என்று ஓர் உச்சவரம்பு போட்டிருப்பார்கள். பயணி இறங்கி ஏறும் ஊர்களின் மைலை ஒவ்வொன்றாகக் கூட்டுவோம். வரம்புக்குள் அடங்கினால் சரி. தாண்டினால் 5 சதவீதம், 10, 15, 20, அதிகபட்சம் 25 என்று கட்டணம் ஏறும். கெட்டிக்கார டிக்கெட்காரர் வழியில் ஓர் ஊரை மாற்றிப்போட்டு மைலை வரம்புக்குள் கொண்டுவந்துவிடுவார். டிக்கெட் என்பது கூப்பன் தாள்கள் அடுக்கிய சின்னப் புத்தகம். ஒவ்வொரு தாளின் பின்னாலும் சிவப்புக் கார்பன். கடைசித் தாள்வரை எழுத்து விழ வேண்டுமென்று பால்பாயிண்டை அழுத்தி எழுதி, சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது விரலெல்லாம் சிவந்திருக்கும். கமிஷன் 9 சதவீதம்.

சட்டம் அப்படி. நடைமுறை வேறு. காலி இருக்கையோடு பறப்பதைவிட வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று எல்லாக் கம்பெனிக்கும் தோன்றும். லண்டனில் 'பக்கெட் ஷாப்' என்ற கடைகள் அதற்கென்றே முளைத்தன. டிக்கெட்டில் எழுதியிருப்பது முழுக் கட்டணம், வாங்கிக்கொள்வது அதில் ஒரு பங்கு. எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். நம் நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்கு மலிவு என்றால் ஏரோஃப்ளோட், மாஸ்கோ வழி. மாஸ்கோ நிலையத்தில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்த கதையைச் சொல்லாதவர் இல்லை. இந்த மலிவு வழியில்தான் 1980-களில் ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கிழக்கு பெர்லினில் வந்து இறங்கி, நகர ரயில் ஏறி மேற்கு பெர்லினுக்குப் போய் அடைக்கலம் கேட்டார்கள். 1985-இல் விசா இல்லாத இலங்கையருக்குக் கிழக்கு ஜெர்மனி அந்தக் கதவை மூடியது. அவர்களிடம் போய் இருக்கை வசதி எப்படி என்று கேட்க முடியுமா?

பாதுகாப்புக்கு வருகிறேன். 2004 ஜனவரி 3-இல் எகிப்தின் ஃப்ளாஷ் ஏர்லைன்ஸ் விமானம் செங்கடலில் விழுந்து 148 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிரெஞ்சு சுற்றுலாப் பயணிகள். அந்தக் கம்பெனியை ஸ்விட்சர்லாந்து 2002-லேயே தடைசெய்திருந்தது. பக்கத்து நாட்டில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு அது தெரியாது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியல். முதல் பட்டியல் 2006 மார்ச்சில் வந்தது. 2007-இல் இந்தோனேசியக் கம்பெனிகள் அத்தனையும் அதில் ஏறின, விருந்து வைப்பதுபோல் உபசரிக்கும் தேசியக் கம்பெனியான கருடா உட்பட. அதே ஐரோப்பாவில், குடிக்கத் தண்ணீருக்கும் காசு வாங்கும் ரயன்ஏர் 1985-லிருந்து பறக்கிறது. விபத்தில் ஒரு பயணியைக்கூட இழந்ததில்லை.

அதனால் மலிவுக் கம்பெனிகள் எல்லாம் தங்கம் என்று சொல்லவில்லை. 2014 டிசம்பரில் ஜாவா கடலில் விழுந்து 162 பேர் இறந்த இந்தோனேசியா ஏர்ஏசியா விமானத்தில், சுக்கான் சம்பந்தப்பட்ட ஒரு கருவியின் பற்றவைப்பில் விரிசல். முந்திய 12 மாதத்தில் 23 தடவை அந்தக் கோளாறு பதிவாகியிருந்தது. அதைக் கையாண்ட விதத்தில் விமானிகளும் தடுமாறினார்கள். 2010 மே 22-இல் மங்களூரில் 158 பேர் இறந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விபத்தில், தலைமை விமானி வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தார். குறட்டைச் சத்தம் பதிவுக் கருவியில் இருந்தது. எங்கள் திருச்சியிலேயே 2018 அக்டோபர் 12 நள்ளிரவு தாண்டி துபாய்க்குக் கிளம்பிய விமானம் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு ஏறியது. வயிற்றில் கிழிசலோடு சில மணி நேரம் பறந்து மும்பையில் இறங்கியது. 136 பேரும் பிழைத்தது பெரிய விஷயம்.

இவற்றுக்கெல்லாம் காரணம் பழுது பார்ப்பது, விமானியின் ஓய்வு, பயிற்சி, மேலே நின்று கண்காணிக்கும் அரசு அதிகாரி. 2014 ஜனவரியில் அமெரிக்கா இந்தியாவின் பாதுகாப்புத் தரத்தைக் குறைத்தபோது, கண்காணிக்கப் போதிய ஆட்கள் இல்லை என்பதும் முக்கியக் காரணம். 2015 ஏப்ரலில்தான் தரத்தை மீட்டோம். அந்தக் குறைவில் முழுச்சேவைக் கம்பெனி, மலிவுக் கம்பெனி என்று வித்தியாசம் கிடையாது.

திருச்சியின் கதை 2008-இல் திரும்பியது. டோனி ஃபெர்னாண்டஸ் 2001-இல் ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு, 4 கோடி ரிங்கிட் கடனோடு சேர்த்து வாங்கிய ஏர்ஏசியா, கோலாலம்பூரிலிருந்து எங்கள் ஊருக்கு வந்தது. அதே வருஷம் மே மாதத்தோடு அயாட்டா காகித டிக்கெட்டை நிறுத்தியது. கமிஷன் 7 ஆகி, 5 ஆகி, பூஜ்யத்துக்கு வந்தது. எங்கள் பிழைப்பு படுத்துவிட்டது. ஆனால் அதுவரை ஊருக்கு வர மூன்று வருஷம் காத்திருந்த ஆட்கள் தங்கச்சி கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து போனார்கள். கட்டுச்சோறு கொண்டுபோய்ச் சாப்பிடுகிற சனத்துக்கு விமானச் சாப்பாடு இல்லாதது ஒரு குறையா?

குறை வேறிடத்தில் இருந்தது. அப்போது கோலாலம்பூரில் மலிவு விமானங்களுக்குத் தனி முனையம். பெரிய முனையத்திலிருந்து சாலைவழி சுமார் 20 கிலோமீட்டர். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற வேண்டுமானால் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கு விசா வேண்டும். இது டிக்கெட்டில் எழுதியிருக்காது.

பெரம்பலூர் பக்கத்துப் பையன் ஒருவன் செல்போனிலேயே இரண்டு கம்பெனியில் தனித்தனியாக டிக்கெட் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். இரண்டாவது கம்பெனி, நீ வரவில்லை, டிக்கெட் செல்லாது என்றது. முதல் கம்பெனியோ, உன்னை இறக்கவேண்டிய ஊரில் இறக்கிவிட்டோம் என்றது. இரண்டு பேர் சொன்னதும் சட்டப்படி சரி. அவனுடைய அம்மா என் கடைக்கு வந்து, "தம்பி, அவன் ஏறுன பிளேன் கெட்ட பிளேனா?" என்று கேட்டார். "பிளேன் நல்ல பிளேன்தாம்மா, டிக்கெட்டுதான் ரெண்டா இருந்துச்சு" என்றேன்.

1999 மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. விபத்தில் ஒருவர் இறந்தால் கம்பெனி பொறுப்பேற்க வேண்டிய தொகையில், டிக்கெட் சல்லிசு விலைக்கு வாங்கியதா முதல் வகுப்பா என்ற பேச்சே கிடையாது. டிக்கெட்டின் விலையைப் பார்த்துச் சட்டம் உயிருக்கு விலை வைப்பதில்லை. ஆகவே சல்லிசாகக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். போகிற கம்பெனி ஐரோப்பியத் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நடுவில் விமானம் மாற வேண்டுமென்றால் இரண்டும் ஒரே பி.என்.ஆர் எண்ணில் இருக்கிறதா, பெட்டி கடைசி ஊர்வரை நேராகப் போகுமா, நடு ஊரில் விசா கேட்பார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பிறகு பணத்தைக் கட்டுங்கள்.