நாயின் அச்சமும் தூசு உறிஞ்சும் பொறியும்

வீடு கூட்டுவதற்கு விளக்குமாற்றைக் கையில் எடுத்தவுடன் கட்டிலின் கீழ் ஓடி ஒளியும் நாயை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். தூசு உறிஞ்சும் பொறி உள்ள வீடுகளில் இக்காட்சி இன்னும் கடுமையானது. பொறி முழங்கத் தொடங்கியதும் சில நாய்கள் நடுங்கும். சில அதன்மீது பாய்ந்து கடிக்கும். "பழகினால் சரியாகிவிடும்" என்று கூறி, நாயை இழுத்துவந்து பொறியின் முன்னே பிடித்து வைப்போரும் உளர். அவ்வாறு செய்வது தகுமா? இவ்வினாவுக்கு விடை தெளிய அறிஞர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. அவ்வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

1901ஆம் ஆண்டில் ஹியூபேர்ட் செசில் பூத் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் தூசு உறிஞ்சும் பொறியொன்றை இலண்டனில் அமைத்தார். அது வீட்டினுள் நுழைய இயலாத அளவு பெரியது. குதிரைகள் இழுத்துவந்த வண்டியில் அது தெருவிலேயே நிற்கும். நீண்ட குழாய்கள் மட்டும் யன்னல் வழியாக உள்ளே செல்லும். அதன் இரைச்சலால் தெருவிற் சென்ற குதிரைகள் மிரண்டன என்று முறைப்பாடுகள் எழுந்தன. ஆகவே, இப்பொறிக்கு முதலில் அஞ்சிய விலங்கு குதிரையே எனலாம். பின்னர், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர், ஒருவர் தனியே தள்ளிச் செல்லத்தக்க மின்பொறிக்கு 1908இல் காப்புரிமை பெற்றார். பொறி வீட்டினுள் வந்தது. அதனுடன் இரைச்சலும் வந்தது. மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே உணரும். நாயின் செவியோ ஏறத்தாழ 45,000 வரை உணரும். நமக்குக் கேளாத கீச்சொலியும் அதற்குக் கேட்கக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

அச்சம் எவ்வாறு உள்ளத்தில் தங்குகிறது என்பதை உணர்த்திய நிகழ்ச்சியொன்று ருசியாவில் நடந்தது. 1924ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் லெனின்கிராட் நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவின் ஆய்வுகூடத்து நாய்கள் கூடுகளில் அகப்பட்டு, நீர்மட்டத்தில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு தத்தளித்தன. உதவியாளர்கள் அவற்றை மீட்டனர். ஆயினும், சில நாய்கள் அதற்குமுன் கற்றிருந்த பழக்கங்களை இழந்துவிட்டன. நாளடைவில் அவற்றுள் ஒன்று தேறியது. பின்னொரு நாள், அது நின்ற அறையின் கதவின் கீழாகச் சிறிதளவு நீரை வழியவிட்டனர். அவ்வளவே, பழைய கலக்கம் மீண்டது. வெள்ளம் வடிந்தும் அச்சம் வடியவில்லை.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்க உளவியலாளர் ஜோன் வொட்சனும் ரொசலி ரேனரும் தம் ஆய்வொன்றை 1920இல் வெளியிட்டிருந்தனர். ஒரு வயதும் நிரம்பாத குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் அதன் பின்னால் இரும்புக் கோலைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தனர். குழந்தை எலிக்கு அஞ்சத் தொடங்கியது. பின்னர் முயலுக்கும் நாய்க்கும் அஞ்சியது. அச்சம் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குப் படரும் என்பது இதனாற் புலனாயிற்று. ஆனால், அவ்வச்சத்தைப் போக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டனர். இன்று இத்தகைய ஆய்வை எந்த அறமன்றும் அனுமதிக்காது.

ஊட்டிய அச்சத்தை நீக்கவும் இயலுமா? அதற்கு வழி காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி. முயலைக் கண்டு நடுங்கிய பீற்றர் என்ற மூன்று வயதும் நிரம்பாத சிறுவனைப் பற்றி அவர் 1924இல் எழுதினார். சிறுவன் விருப்பமான உணவை உண்ணும்போது, கூட்டில் இருந்த முயலை அவன் கலங்காத தூரத்தில் வைத்தார். நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். இடையிலே சிறுவன் நோயுற்றான். மருத்துவமனையிலிருந்து திரும்புகையில் பெரிய நாயொன்று அவன்மீது பாய, அச்சம் பழைய நிலைக்கே மீண்டது. ஜோன்ஸ் மனந்தளராது மீண்டும் தொடங்கினார். இறுதியில் சிறுவன் ஒரு கையால் உண்டு, மறுகையால் முயலைத் தடவினான்.

தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க்கில் மருத்துவர் ஜோசப் வோல்பே இந்நெறியைப் பூனைகளிடம் ஆராய்ந்தார். கூண்டில் மின்னதிர்ச்சி பெற்ற பூனைகள் அவ்வறையில் உணவைத் தொடவும் மறுத்தன. அவ்வறையை மிகக் குறைவாக ஒத்த வேறோர் அறையில் முதலில் உணவளித்தார். பின்னர், படிப்படியாக அதனை மேலும் மேலும் ஒத்த அறைகளில் அளித்தார். முடிவில் பழைய கூண்டிலேயே அவை அமைதியாக உண்டன. இம்முடிவுகளின்மேல் எழுந்த அவருடைய நூல் 1958இல் வெளிவந்தது.

இவ்வரலாறு நம் வீட்டு நாய்க்கு உதவுவது எப்படி? பொறியை ஓடவிடாது, நாய் கலங்காத தூரத்தில் வையுங்கள். அங்கே நாய்க்குப் பிரியமான இறைச்சித் துண்டைக் கொடுங்கள். பல நாட்களிற் சிறிது சிறிதாக நெருங்குக. பின்னர், ஓசையின்றிப் பொறியை அசைத்துக் காட்டுக. அதன்பின் அடுத்த அறையிற் சற்றுநேரம் ஓடவிடுக. நாய் உணவை மறுத்தால், நாம் விரைந்துவிட்டோம் என்பது பொருள். ஒரு படி பின்வாங்குக. விளக்குமாற்றுக்கு அஞ்சும் நாய்க்கும் இதுவே முறை; அதனால் முன்பு அடிபட்ட நாயாயின் இன்னும் பொறுமை வேண்டும். அச்சம் மிகுந்து உண்ணாது கிடக்குமாயின் மிருக வைத்தியரை நாடுக.

குட்டியாயின் பணி எளிது. பிறந்து மூன்று முதல் பன்னிரண்டு வாரம் வரையுள்ள காலமே நாய் உலகோடு உறவு கொள்ளப் பழகும் காலம் என்று ஸ்கொட், புல்லர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். அவ்வேளையில் மெல்லிய ஓசைகளைக் கேட்டு வளரும் குட்டிக்குப் பின்னாளில் பொறியின் ஓசை பெரும் விந்தையாக இராது.

நேயர்களே, நடுங்கும் நாயை இழுத்துவந்து பொறியின் முன்னே நிறுத்துபவர், அதன் அச்சத்தை மேலும் ஆழப் பதிக்கின்றார். தமக்கு அஞ்சவும் அதற்குக் கற்பிக்கின்றார். வீட்டின் தூசு நாள்தோறும் நீங்கிவிடும்; நம்மை நம்பி வாழும் உயிரின் உள்ளத்தில் நாம் ஊட்டிய அச்சம் அத்துணை எளிதில் நீங்காது.