ஏரிக்கரையில் யாருடைய விழா?



1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சார் நகரில் ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. அந்த நாளே உலக ஈரநில நாள். 2022இல் பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், கூந்தன்குளம் முதலியவை ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. விழாவன்று பள்ளிப் பிள்ளைகள் நாரை வரைகிறார்கள், கரையில் நடந்து பறவை எண்ணுகிறார்கள், சீமைக்கருவேலம் பிடுங்குகிறார்கள். இதை நாம் கேலி செய்யவில்லை. பள்ளிக்கரணையில் குப்பை மலையானதைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் கேட்கும் ஏரி வரலாற்றில் ஏரி வெட்டிய மன்னன் வருகிறான், வலசைப் பறவை வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஏரியைக் காத்தவர்கள் வருவதில்லை.

நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புகட்டி, மடைக்குடும்பன் என ஊருக்கு ஊர் பெயர் மாறும். பல ஊர்களில் இந்த வேலை நம் மக்களுடையது. மடையைத் திறந்து அடைப்பது, வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிட்டுக் கடைமடை வரை கொண்டுசேர்ப்பது, அடைமழை இரவில் கரையைச் சுற்றிவந்து கசிவு பார்ப்பது, உடைப்பெடுக்கும்போல் இருந்தால் பறையடித்து ஊரை எழுப்புவது. கூலி, களத்தில் அளக்கும் நெல். ஆயக்கட்டில் நிலமில்லாதவரையே பல இடங்களில் நீர்க்கட்டியாக வைத்தார்கள். சொந்த வயல் இல்லாதவன் ஓரவஞ்சனை செய்யமாட்டானாம். நிலம் தராததற்கு இதைவிட அழகான காரணத்தை யாரும் கண்டுபிடித்ததில்லை.

குடிமராமத்து என்றதும் ஊரே ஒன்றுகூடி மண் சுமந்த பொற்காலம் ஒன்றைச் சொல்வார்கள். அதற்காக 1858இல் வந்த சட்டத்தின் பெயர் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம். ஊர் கூடியதா, கூட்டப்பட்டதா என்று கேட்க அந்தப் பெயரே போதும். 2017இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசுத் திட்டம் திரும்பி வந்தபோது இந்தக் கேள்வி எழுந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் நில உடைமையாளருக்கே இடம். தலைமுறை தலைமுறையாக மடையில் நின்ற நீர்க்கட்டிக்கு அங்கே வாக்கில்லை. சமூகப் பங்கேற்பு என்று சுவரொட்டியில் அச்சடிக்கும்போது எந்தச் சமூகம் என்று நாம் கேட்பது இதனால்தான்.

எனவே விழாவை விட்டு விலகவேண்டாம், உள்ளே போவோம். பிள்ளைகள் பறவைகளை எண்ணட்டும். கூடவே ஊரின் கடைசி நீர்க்கட்டியைத் தேடிப்போய் எந்த மடை எந்த வயலுக்குப் பாய்ந்தது, களத்தில் எத்தனை மரக்கால் அளந்தார்கள் என்று கேட்டு எழுதட்டும். கரையில் நடும் பலகையில் அவர் பெயரும் இருக்கட்டும். மீட்ட ஏரியின் மீன் ஏலத்திலும் வண்டலிலும் சேரிக்கு என்ன பங்கு என்பதைக் கிராமசபையில் எழுப்புவோம்.

பிப்ரவரி 2 போய் ஒன்றரை மாதத்தில் மார்ச் 20 வரும். அன்றும் அதே பிள்ளைகளை அதே கரைக்கு அழைத்துப்போவோம். 1927இல் அந்த நாளில்தான் அம்பேத்கர் மகாடில் சவதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். குளம் தீட்டுப்பட்டதென்று சாணமும் கோமியமும் ஊற்றிச் சடங்கு செய்தார்கள், வழக்கும் போட்டார்கள். அந்தக் குளத்து நீர் நமக்கும் உரியது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்ல 1937 ஆயிற்று.