கொறங்காடும் சித்தப்பாவின் கணக்கும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப வீட்டுல ஒரு பஞ்சாயத்து. அப்பாரு விட்டுட்டுப் போன நாலு ஏக்கர் கொறங்காட்டுல நிக்கிற வெள்வேல மரங்களை வெட்டி வித்துடலாம்னு சித்தப்பா சொன்னார். "நெழலு இல்லாட்டி புல்லு இன்னும் நல்லா வருமுங்ணா"ன்னு அப்பாகிட்ட வாதம். கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு மனசு ஒப்பல. ஊர்ப் பெருசுகள்கிட்டயும் பழைய புத்தகங்கள்லயும் தோண்டினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

கொறங்காடுன்னா காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் பட்டா நிலத்துலயே விடுற மேய்ச்சக்காடு. சுத்தி முள்ளுக்கிளுவை உயிர்வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல், நடுநடுவுல வெள்வேலம். இந்த மூணும் தற்செயலா ஒண்ணு சேரல.

முதல்ல மழை. வருசத்துக்கு 600 மி.மீ.யை ஒட்டித்தான் பெய்யும், அதுலயும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகைல. ஆனி ஆடில பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து மட்டும்தான் வரும் :) பயிர் வெச்சா பாதி வருசம் ஏமாத்தம். கொழுக்கட்டைப்புல்லு அப்படி இல்லை. மேல காஞ்சாலும் ஆழத்துல வேர் உயிரோட கிடக்கும், ஒரு மழைக்குத் துளிர்த்துடும். மண்ணும் ஆழமில்லாத செம்மண், சரளை, பல இடத்துல சுண்ணாம்புக்கல். தண்ணி தேங்காத இந்த மண்ணுதான் இந்தப் புல்லுக்குப் பிடிச்சது. காங்கயம் மாட்டுக்கு எலும்பு உறுதியா இருக்கக் காரணமே இந்தச் சுண்ணாம்புதான்னு பெருசுகள் அடிச்சுச் சொல்றாங்க.

இப்ப சித்தப்பாவோட கணக்குக்கு வருவோம். நிழல் அடர்ந்தா புல் சாகும்கிறது உண்மை. சீமைக்கருவேலம் அடைச்ச காட்டைப் பாத்தாலே தெரியும். ஆனா வெள்வேலத்துக்குப் பொடி இலை, வெயில் சலிச்சு இறங்கும். அடியில ஈரம் கொஞ்சம் கூடுதலா நிக்கும். பயறு வகைக் குடும்பத்து மரம்கிறதால மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். எல்லாத்துக்கும் மேல, புல்லு கருகிப்போற கோடைல மாட்டுக்கு அதோட நெத்துதான் தீவனம். மரத்தை வெட்டினா மழைக்காலத்துல நாலு கட்டுப் புல் கூட வரலாம், சித்திரைல மாடு பட்டினி.

சரி, தீர்வை கட்டுற நிலத்தை எதுக்குப் புல்லுக்கு விட்டாங்க? அன்னைக்குக் காளைதான் மோட்டார். கிணத்துல கவலை இழுக்க, வண்டி இழுக்க எல்லாத்துக்கும் அதுதான். 1876-78 தாது வருசப் பஞ்சத்துல கோயமுத்தூர் ஜில்லாவும் தப்பல. மாடு போனா வெள்ளாமையும் போச்சுன்னு அனுபவிச்ச ஜனங்க. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேர்போன காங்கயம் மந்தையை வளர்த்ததும் இந்த மாதிரி மேய்ச்சலை நம்பித்தான். 1932ல் பைகாரா மின்சாரம் வந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா கிணத்து மேட்டுல மோட்டார் ஏறி, காளை இறங்குச்சு. பின்னாடி டிராக்டர். கொறங்காடு 'சும்மா கிடக்குற நிலம்' ஆனது அப்படித்தான். புல்லு மாறல, தேவைதான் மாறிடுச்சு.

இதையெல்லாம் சித்தப்பாகிட்ட சொன்னேன். "நீ மெட்ராசுல உக்காந்துக்கிட்டு பேசுவ கண்ணு, மாட்டைப் புடிச்சுக் கட்டறவன் நானு"ன்னார். அதுவும் நிஜம்தானுங்களே! கடைசில, நெருக்கமா நிக்கிற ஏழு மரத்தை மட்டும் கழிச்சுட்டு மத்ததை விடுறதுன்னு முடிவாச்சு. அப்பாரும் அப்படித்தான் கழிப்பாராம். அதை அப்பா கடைசியாத்தான் சொன்னார், முதல்லயே சொல்லியிருக்கலாம் :)

வர்ற சித்திரைல ஊருக்குப் போறேன். நெத்து பொறுக்கிப் போடுற வேலை என்னோடதாம். சித்தப்பா உத்தரவு.