இரவல் விவரக்குறிப்பு: சென்னை மாகாண ஏட்டிலிருந்து எம்-சாண்ட் வரை

புதிதாகத் தொடங்கும் எந்தக் கட்டுமானப் பொறியியல் நிறுவனமும் தன் முதல் விவரக்குறிப்பை வெறுந்தாளில் தொடங்குவதில்லை. பொதுப்பணித் துறை, மத்தியப் பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலை அமைச்சகம் ஆகியவற்றின் ஏடுகளிலிருந்து பத்திகளை எடுத்துக் கோத்துக்கொள்கிறது. அதில் தவறில்லை. ஆனால் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கொள்கையோடு எழுதப்பட்ட பத்திகள் ஒரே ஆவணத்தில் அடுத்தடுத்து வரும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

அப்படி இரவல் வாங்கும் பத்திகளின் முதல் அடுக்கு ஆங்கிலேயர் காலத்தது. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில், 1854இல் பொதுப்பணித் துறை தனி அமைப்பாக உருவெடுத்தது. மாவட்டம் மாவட்டமாக மாற்றலாகும் பொறியாளர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் பொதுவான ஒரு மொழி தேவைப்பட்டது. அந்தத் தேவைக்கு விடையாகச் சென்னை மாகாணத்தில் வந்ததே ‘மெட்ராஸ் டீடெய்ல்டு ஸ்டாண்டர்டு ஸ்பெசிஃபிகேஷன்ஸ்’. ஒப்பந்தப்புள்ளி அட்டவணையில் ஓர் எண்ணைக் குறித்தால் போதும். செங்கல் கட்டு வேலையானாலும் பூச்சு வேலையானாலும் முழு விவரமும் ஏட்டில் இருக்கும்.

அந்த ஏட்டின் முன்பகுதியை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து. வேலை நுட்பத்துக்கு முன்னால், காலதாமதம், தகராறு ஆகியவை பற்றிய ஒப்பந்த நிபந்தனைகளை அது கொண்டிருந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது ஏடும் கூடவே போனது. அங்கு வழங்கிய 59ஆம் பிரிவின்படி, எக்காரணத்தால் வேலை தடைப்பட்டாலும் எந்தத் தரப்பும் இழப்பீடு கோர முடியாது. இதன் பொருள் பற்றிய வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. பூச்சு வேலைக்கான பத்தியைத் தேடிப் போகிறவர், ஏட்டை முழுமையாக மேற்கோள் காட்டிவிட்டால், இந்த நிபந்தனைகளையும் சேர்த்தே வாங்கிவருகிறார்.

இரண்டாவது அடுக்கு விடுதலைக்குப் பின் வந்தது. 1947இல் இந்தியத் தர நிறுவனம் தோன்றியது, கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 முதன்முதலில் 1953இல் வெளியானது. பழைய ஏடு 1:2:4 என்று கலவை விகிதம் சொன்னது. மேற்பார்வையாளர் பெட்டிகளை எண்ணினால் போதும். விகிதம் சரியாக இருந்தால் ஒப்பந்ததாரரின் கடமை முடிந்தது. எம்20, எம்25 என்ற தரப்பெயர்கள் வந்தபின் கணக்கு மாறியது. 150 மில்லிமீட்டர் கனசதுரம் 28ஆம் நாளில் எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்பதே கேள்வி. எப்படிக் கலப்பது என்பது ஒப்பந்ததாரர் பாடு. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பியிட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்20 என்றது. இன்றும் சில ஆவணங்கள் ‘எம்25 (1:1:2)’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுகின்றன. கனசதுரம் தோற்றால், விகிதப்படிதான் போட்டேன் என்று ஒப்பந்ததாரர் சொல்ல அந்த அடைப்புக்குறி போதும்.

தர ஏடுகள் நெடுங்காலம் விலை கொடுத்தே வாங்க வேண்டியவையாக இருந்தன. அவற்றைக் கட்டணமின்றி இணையத்தில் ஏற்றிய கார்ல் மலமுட் இதற்காக டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்றார். இப்போது இந்தியத் தர நிறுவனத்தின் வழிவந்த இந்தியத் தர நிர்ணய அமைவனமே அவற்றை இலவசமாகத் தருகிறது. ஆகவே பழைய பதிப்பின் நகலை வைத்துக்கொண்டு எழுதுவதற்கு இனிச் சாக்கில்லை.

மூன்றாவது அடுக்கு மணல். ஐ.எஸ். 383இன் 1970ஆம் ஆண்டுப் பதிப்பு, தலைப்பிலேயே இயற்கை மூலங்களிலிருந்து கிடைக்கும் ஜல்லி, மணல் என்று வரையறுத்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வரம்பை நீக்கி, தயாரிக்கப்பட்ட மணலையும் (எம்-சாண்ட்) இரும்பு ஆலைக் கசடையும் உள்ளே அழைத்தது. தமிழ்நாட்டில் ஆற்றுமணல் அருகியபின் பல நிறுவனங்கள் பழைய பத்தியில் ‘ஆற்றுமணல்’ என்பதை மட்டும் அடித்துவிட்டு ‘எம்-சாண்ட்’ என்று போட்டன. 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரி அப்படியே நின்றது. அது ஆற்றுமணலுக்கான வரம்பு. பாறை உடைத்த மணலுக்குத் தரம் 15 சதவீதம் வரை இடம் தருகிறது. எழுதியபடி சோதித்தால் நல்ல எம்-சாண்ட் லோடும் திரும்பிப் போகவேண்டும். சோதிக்காமல் விட்டால், ஆவணத்தின் மற்ற வரிகளையும் வற்புறுத்தும் உரிமை தளப் பொறியாளருக்குத் தளர்ந்துபோகிறது.