ஒரு கழுத்துப் பட்டியும் இரண்டு நாடுகளும்

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ட்வின் ரிவர்ஸ் வீதிப் பக்கமாக றூஜ் பூங்காவில் நடந்துவிட்டு பிக்கரிங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தோம். மிலோவின் காதுக்குப் பின்னால் தடவியபோது கையில் ஏதோ தட்டுப்பட்டது. எள்ளு அளவுதான் இருக்கும். உண்ணி.

அம்மா பயப்படவே இல்லை. "ஊரில எங்கட நாய்க்கு ஒரு நாளைக்கு முப்பது நாப்பது பிடுங்குவம்" என்றார். அம்மம்மா ஒரு சிரட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டு, திண்ணையில் இருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதற்குள் போடுவாராம். நாய் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்குமாம். தெள்ளுக்கு வேப்பிலை அவித்த தண்ணீர். மருந்துச் செலவு என்று ஒன்றும் இல்லை.

நான் பயந்தேன். இரண்டு பேரும் சரி என்று பிறகுதான் விளங்கியது. ஊர் நாய்களில் இருக்கும் பழுப்பு உண்ணி லைம் நோயைப் பரப்புவதில்லை. எங்கள் பூங்காவில் இருக்கும் கருங்கால் உண்ணி பரப்பும். அம்மாவின் தைரியம் யாழ்ப்பாணத்துக்குச் சரியானது. என் பயம் இந்த இடத்துக்குச் சரியானது.

அன்றிரவு மிலோவுக்கு என்ன மருந்து போடலாம் என்று தேடத் தொடங்கினேன். ஒரு மணித்தியாலத்தில் முடிய வேண்டிய வேலை. மூன்று வாரம் போனது. கண்டுபிடித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த உண்ணியின் கதை. 1975இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற சின்ன ஊரிலும் அதைச் சுற்றியும் பல பிள்ளைகளுக்கு முழங்கால் வீங்கியது. பிள்ளைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்றார்கள் வைத்தியர்கள். பொலி மறே என்ற அம்மா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. தன் குடும்பத்துக்கு வந்த ஒவ்வொரு வருத்தத்தையும் அவர் எழுதி வைத்திருந்தார். ஒரே ஊரில் இத்தனை பிள்ளைகளுக்கு எப்படி ஒரே வருத்தம் வரும் என்று அவரும் ஜூடித் மென்ஷ் என்ற இன்னொரு அம்மாவும் மாநிலச் சுகாதாரப் பகுதியைக் கேட்டார்கள். ஆராய்ச்சி தொடங்கியது. நோய்க்குக் காரணமான கிருமியை 1982இல் வில்லி பர்க்டோர்ஃபர் என்ற விஞ்ஞானி அறிவித்தார். அதை அவர் கண்டது உண்ணியின் வயிற்றுக்குள்.

கனடாவில் 1970களில் இந்த உண்ணி நிலையாக வாழ்ந்த இடமாக அறியப்பட்டது ஈரி ஏரிக்கரையில் உள்ள லோங் பொயின்ற் மட்டும்தான். பிறகு பறவைகளோடு வந்தது, குளிர்காலம் இளகியதும் தங்கியது. 2009இல் லைம் நோயைத் தேசிய அளவில் எண்ணத் தொடங்கினார்கள். அந்த வருஷம் 144 பேர். 2021இல் மூவாயிரத்துக்கும் மேல். றூஜ் பூங்கா இப்போது ஒன்ராறியோவின் உண்ணி அபாயப் பகுதிகளில் ஒன்று. வெப்பநிலை 4 பாகைக்கு மேலே போனாலே உண்ணிகள் நடமாடத் தொடங்கிவிடும். எங்களுக்கு ஏப்ரல் இன்னும் ஜாக்கெட் மாதம். அவற்றுக்கு அது வசந்தம்.

ஆகவே மருந்து வேண்டாம் என்று சொல்ல முடியாது. எந்த மருந்து என்பதுதான் கேள்வி.

பழைய மருந்துகளில் ஒன்று ஒரு பூ. அட்ரியாட்டிக் கடலோரத்தில் தல்மேசியா என்ற பகுதியில் வளரும் ஒருவகைச் செவ்வந்தி. அதைக் காயவைத்து இடித்துத் தூளாக்கினால் தெள்ளு செத்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் சக்கேர்ல் என்பவர் இப்படிப்பட்ட பூத்தூளைப் புட்டிகளில் அடைத்து விற்றே பெரிய பணக்காரர் ஆனார். குறை ஒன்றுதான். வெயில் பட்டால் மருந்தின் சக்தி போய்விடும்.

அந்தக் குறையை 1973இல் இங்கிலாந்தின் றொதாம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கல் எலியட்டின் குழு தீர்த்தது. பூவில் உள்ள பொருளைப் போலவே ஆய்வுகூடத்தில் ஒன்றைச் செய்தார்கள். வெயிலில் அழியாது. பெயர் பெர்மெத்ரின். விவசாயிகளுக்குக் கொண்டாட்டம். நாய்களுக்கும் பாதுகாப்பானது. ஆனால் பூனைக்கு?

பூனையின் ஈரல் எங்கள் ஈரலைப் போல வேலை செய்யாது. சில பொருள்களை உடைத்து வெளியே தள்ளும் ஒரு வழி அதற்கு மிகவும் பலவீனம். பூனைகளின் முன்னோர் இறைச்சி மட்டுமே தின்றதால் செடிகளின் நஞ்சைச் சமாளிக்கும் அந்த வழி தேவைப்படாமல் போய்விட்டது என்று விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் துளிமருந்தைப் பூனைக்குப் போட்டால் நடுக்கம் வரும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். என் தோழி வீட்டில் இது நடந்தது. நாய்க்குப் போட்டு மிச்சமிருந்த பாதித் துளியை, வீணாகப் போகிறதே என்று அவளுடைய மாமி பூனைக்குப் போட்டுவிட்டார். (வீணாகப் போகிறதே என்பது எங்கள் ஆட்களின் தேசிய கீதம்.) இரவு பதினொரு மணிக்கு அவசர மிருக வைத்தியசாலைக்கு ஓடினார்கள். பூனை பிழைத்தது. மாமி இன்னும் அந்தக் கதையைக் கதைக்க விடமாட்டார்.

இனிக் கழுத்துப் பட்டி. இதன் வேர் கொஞ்சம் பயங்கரமானது. 1936இல் ஜெர்மனியில் கேர்ஹார்ட் ஷ்ராடர் என்ற இரசாயனவியலாளர் பயிர்ப் பூச்சிகளைக் கொல்ல மருந்து தேடினார். கிடைத்தது தபுன் என்ற நஞ்சு. பூச்சியை மட்டுமல்ல, மனிதரையும் கொல்லும். ஜெர்மனிய இராணுவம் அதை எடுத்துக்கொண்டது. நரம்புக்கு 'வேலை செய்' என்று கட்டளை போன பிறகு 'போதும், நிறுத்து' என்று சொல்லும் ஒரு நொதியம் உடம்பில் இருக்கிறது. இந்தக் குடும்பத்து நஞ்சுகள் அதைப் பூட்டிவிடும். நரம்பு நிறுத்தாமல் வேலை செய்துகொண்டே இருக்கும்.

அதே குடும்பத்தில் சக்தி குறைந்தவை போருக்குப் பிறகு பூச்சிமருந்துகளாக வந்தன. 1960களில் அவற்றில் ஒன்றான டைகுளோர்வொஸ் பிளாஸ்ரிக் பட்டிக்குள் கலக்கப்பட்டது. பட்டியிலிருந்து மருந்து மெல்ல மெல்ல வெளியே வரும், தெள்ளு சாகும். நாய் சும்மா இருந்தால் போதும். நல்ல யோசனைதான். ஆனால் நாயைச் சும்மா விடாத ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்: இரண்டு வயதுப் பிள்ளை. கட்டிப்பிடிக்கும், கழுத்தில் முகத்தை வைக்கும், பிறகு கையை வாயில் வைக்கும். இதைக் கணக்கில் எடுக்கப் பல வருஷம் ஆனது. நரம்பை இதேபோல் பாதிக்கும் புரொபொக்ஸர் என்ற மருந்து உள்ள பட்டிகளை நிறுத்த அமெரிக்காவில் உடன்பாடு வந்தது 2014இல்தான். காரணம் சின்னப் பிள்ளைகளின் அந்தக் கை.

1990களில் புதுத் தலைமுறை வந்தது. ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட். நாயின் தோளுக்கு நடுவே ஒரு துளி விட்டால் போதும். பூச்சியின் நரம்புக்கும் எங்கள் நரம்புக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து இவை வேலை செய்கின்றன. பழையவற்றைவிட எவ்வளவோ மேல். அதனால் எல்லோரும் வாங்கினார்கள். அதனால் முறைப்பாடுகளும் கூடின. துளிமருந்துகள் பற்றி 2007இல் அமெரிக்காவுக்கு 28,000க்குச் சற்று மேலாக முறைப்பாடுகள் வந்தன. 2008இல் 44,000க்கும் மேல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் எங்கள் ஹெல்த் கனடாவும் சேர்ந்து மிருக வைத்தியர்கள் அடங்கிய ஒரு குழுவைக் கொண்டு ஆராய்ந்தன. 2010இல் முடிவு வந்தது. சின்ன நாய்களுக்கே பாதிப்புக் கூட. நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டதும் ஒரு காரணம். என் தோழியின் மாமி தனியாள் இல்லை.

இப்போது தலைப்பில் சொன்ன கதைக்கு வருகிறேன்.

செரெஸ்ரோ என்று ஒரு கழுத்துப் பட்டி. இமிடாகுளோபிரிட், ஃபுளுமெத்ரின் என்ற இரண்டு மருந்துகள் அதில் உண்டு. எட்டு மாதம் வேலை செய்யும் என்று சொல்லப்படுவது. பேயர் நிறுவனம் செய்தது. 2020இல் பேயரின் மிருக மருந்துப் பிரிவை எலன்கோ வாங்கியது. அமெரிக்காவில் 2012இல் அனுமதி கிடைத்தது. பிறகு மில்லியன் கணக்கில் விற்றது.

2021 மார்ச்சில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்க அரசுக்கு இந்தப் பட்டி பற்றி 75,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் வந்திருக்கின்றன, அவற்றில் ஏறத்தாழ 1,700 மரணங்கள் என்று. நாய் வைத்திருந்தவர்கள் பதறிப்போனார்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். முறைப்பாடு என்பது என்ன? பட்டி போட்ட நாய் செத்துவிட்டது என்று ஒருவர் சொல்வது. பட்டியால் செத்ததா, கிழட்டு நாயா, வேறு வருத்தமா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. 25 மில்லியனுக்கும் மேல் விற்றிருக்கிறோம், பட்டிதான் காரணம் என்று காட்டப்படவில்லை என்று எலன்கோ சொன்னது. அது நியாயமான பதில். ஆனால் மறுபக்கமும் உண்டு. எத்தனை பேர் முறைப்பாடு செய்யாமல் நாயைப் புதைத்துவிட்டு அழுதுகொண்டு இருந்திருப்பார்கள்? அதுவும் அந்த எண்ணுக்குத் தெரியாது.

அமெரிக்கக் காங்கிரஸின் ஒரு உபகுழு விசாரித்தது. அதன் தலைவர் ராஜா கிருஷ்ணமூர்த்தி. 1973இல் புதுடில்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பத்தோடு பஃபலோவுக்கு வந்தவர். ஆம், நாங்கள் சாமான் வாங்கப் போகும் அதே பஃபலோ. 2022 ஜூனில் உபகுழு அறிக்கை விட்டபோது முறைப்பாட்டு மரணங்கள் 2,500ஐத் தாண்டியிருந்தன. பட்டியைத் திரும்பப் பெறும்படி அவர் கேட்டார். நிறுவனம் மறுத்தது.

அந்த அறிக்கையில்தான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த வரி இருந்தது. இதே பட்டியைக் கனடாவில் விற்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். ஹெல்த் கனடாவின் பூச்சிகொல்லிப் பிரிவு, அமெரிக்காவிலிருந்து வந்த முறைப்பாடுகளை எடுத்துப் படித்திருக்கிறது. படித்துவிட்டு 2016இல் 'இல்லை' என்று சொல்லியிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரே பட்டி. ஒரே காகிதங்கள். நயாகரா ஆற்றுக்கு அந்தப் பக்கம் 'சரி', இந்தப் பக்கம் 'இல்லை'. பெரிய சத்தம் ஒன்றும் இல்லாமல் நடந்ததால் ஆறு வருஷம் பலருக்கு இது தெரியாது. ஒரு பொருள் கடையில் இருந்தால் எங்களுக்குத் தெரியும். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று யார் கேட்பார்கள்?

எந்த நாடு சரி? 2023 ஜூலையில் அமெரிக்க முகமை தன் மீளாய்வை வெளியிட்டது. பெரும்பாலான மரண முறைப்பாடுகளில் காரணத்தைச் சொல்லப் போதிய விபரமே இல்லை என்றது. பட்டியோடு உறுதியாகத் தொடர்புபடுத்தக்கூடிய மரணங்கள் மிகச் சில. அவையும் பட்டி இறுகியோ கழற்ற முடியாமல் மாட்டியோ நடந்தவை. விற்பனை தொடரலாம், ஆனால் அனுமதி ஐந்து வருஷத்துக்கு மட்டும், பட்டி இழுபட்டால் கழரும் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும், முறைப்பாடுகளை விபரமாகச் சேகரிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. எனக்கு இதில் ஒரு கோபம் உண்டு. விபரம் இல்லை என்று 2023இல் சொல்கிறவர்கள், 2012இலிருந்து விபரம் கேட்டிருக்கலாமே? பொலி மறே தன் வீட்டு மேசையில் செய்த வேலைதானே அது. சந்தேகம் இருக்கும்போது விற்காமல் இருப்பது என்ற கனடாவின் முடிவுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் இலட்சக்கணக்கான நாய்கள் அந்தப் பட்டியோடு நலமாக இருந்தன, உண்ணி கடிக்காமலும் இருந்தன என்பதும் உண்மை.

பட்டியும் வேண்டாம், துளியும் வேண்டாம் என்று இப்போது பலர் குளிசைக்கு மாறிவிட்டார்கள். இவை 2013க்குப் பிறகு வந்தவை. நாய் சாப்பிடும், மருந்து இரத்தத்தில் கலக்கும், கடிக்கிற உண்ணி சாகும். தோலில் ஒன்றும் ஒட்டாது என்பதால் கட்டிப்பிடிக்கும் பிள்ளைக்கு நல்லது. இதுவும் குறை இல்லாததல்ல. சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று 2018 செப்டெம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானது என்றும் அதே அறிவித்தலில் சொன்னது.

மிலோவை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "இவனுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா?" இல்லை என்றேன். நிறுத்துப் பார்த்தார். நிறைக்கு ஏற்ற குளிசை எழுதித் தந்தார். பூனை இருக்கிறதா, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றும் கேட்டார். போன மாதம்வரை இந்தக் கேள்விகள் ஏன் என்று எனக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த கிழமை மாமா பஃபலோவிலிருந்து வந்தார். கையில் ஒரு பூச்சிப் பட்டி, நல்ல மலிவாம். அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கனடாவில் விற்கும் பூச்சிமருந்துப் பட்டியிலும் துளியிலும் ஹெல்த் கனடாவின் பதிவு எண் இருக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். குளிசை என்றால் 'டின்' எண். இந்தப் பெட்டியில் இரண்டும் இல்லை. மாமாவுக்கு மனம் நோகும் என்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "தாங்ஸ் அண்ணா" என்று வாங்கி வைத்தார்.

பட்டி இன்னும் கராஜ் லாச்சிக்குள் இருக்கிறது, பிரிக்காமல். அதற்குப் பக்கத்தில் உண்ணி பிடுங்கும் கவ்வி. பூங்காவால் வந்ததும் அம்மா மிலோவைப் படியில் படுக்கவைத்து, காது, கழுத்து, கால் இடுக்கு என்று விரலால் தேடுவார். மண்ணெண்ணெய்க்குப் பதிலாக ஒரு சின்னப் போத்தலில் அல்ககோல். மிலோ கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பான்.