1989 இல் மாறியது எது? இலங்கையின் டெங்கும் கலத்தினுள் வைரஸின் பயணமும்

கண்டி நகருக்குத் தென்கிழக்கே மலைச்சரிவில் அமைந்த அம்பிட்டியவில் மழைக்காலம் முடிந்த கையோடு டெங்குச் சோதனை தொடங்கிவிடும். பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டு வளவுக்குள் வந்து கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, கொல்லையில் கிடக்கும் பழைய டயர், சிரட்டை எல்லாவற்றையும் பார்ப்பார். நீர் வற்றினாலும் ஈடிசு நுளம்பின் முட்டைகள் மாதக்கணக்கில் காத்திருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே இந்தச் சோதனை அவசியமானது. ஆனால் இலங்கையில் டெங்கு ஏன் திடீரெனக் கொடிய நோயாக உருவெடுத்தது என்று கேட்டால், நுளம்பை மட்டும் காட்டி விடை சொல்ல முடியாது.

இலங்கையில் டெங்கு ஆய்வுகூட முறையில் உறுதிசெய்யப்பட்டது 1962 இல். அறுபதுகளின் நடுப்பகுதியில் டெங்கின் கடும் வடிவமான இரத்தக்கசிவுக் காய்ச்சலும் சிலரிடம் தென்பட்டது. அதன்பின் இரு தசாப்தங்களுக்கு மேலாக டெங்கு பரவியபடியே இருந்தும் பெரிய உயிர்ச்சேதம் நேரவில்லை. 1989 இல் நிலைமை தலைகீழானது: இரத்தக்கசிவுக் காய்ச்சல் கொள்ளைநோயாகக் கிளம்பியது.

கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் வைரஸ் இயல் அறிஞர் திஸ்ஸ விதாரண, அமெரிக்காவில் பணியாற்றிய அரவிந்த டி சில்வா, வில்லியம் மெஸர் உள்ளிட்ட குழுவினர் பழைய மாதிரிகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு 2002 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 1989 க்கு முன்னும் நான்கு வகை டெங்கு வைரஸ்களும் இங்கே சுற்றித்தான் இருந்தன. பரவலின் வேகமும் பெரிதாகக் கூடவில்லை. மாறியது மூன்றாம் வகை வைரஸின் பரம்பரைத் தகவல். அந்தப் புதிய திரிபு இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து எண்பதுகளில் ஆபிரிக்காவுக்கும், அங்கிருந்து தொண்ணூறுகளின் நடுவில் இலத்தீன் அமெரிக்காவுக்கும் சென்றிருக்க வேண்டும் என 2003 இல் அவர்கள் காட்டினர். நோயின் கடுமையில் வைரஸின் மரபுக்கும் பங்குண்டு என்ற ஐயம் வலுத்தது. எனவே வைரஸ் கலத்துக்குள் என்ன செய்கிறது என்பதைப் பார்க்காமல் இந்த வரலாறு முழுமையடையாது.

டெங்கு வைரஸின் விட்டம் சுமார் 50 நனோமீற்றர். தானாக நகர அதற்கு உறுப்பெதுவும் கிடையாது. நகர்த்துவது, அது தாக்கும் கலமேதான். 2008 இல் ஆய்வாளர்கள் ஒளிரும் சாயமேற்றிய வைரஸ்களை உயிருள்ள கலங்களுக்குள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தனர். வைரஸ் கலமென்சவ்வின்மேல் வழுக்கிச் சென்று, வெளிப்பொருள்களைக் கலம் உள்ளிழுத்துக்கொள்ளும் குழியொன்றில் விழுகிறது. குழி மூடிச் சிறு பையாகிறது. பை உள்நோக்கிப் போகப் போக அதனுள் அமிலத்தன்மை ஏறுகிறது. உள்ளே வந்ததைச் சிதைப்பதற்கான அமிலம் அது. வைரஸுக்கோ வெளியேறும் வேளை வந்துவிட்டது என்ற சமிக்ஞை. இரண்டிரண்டாகப் படுத்திருந்த அதன் உறைப்புரதங்கள் மும்மூன்றாகச் சேர்ந்து நிமிர்ந்து, பையின் மென்சவ்வில் குத்தி, அதையும் வைரஸின் சவ்வையும் ஒன்றாக்கிவிடுகின்றன. வைரஸின் ஆர்.என்.ஏ. வெளியே வழிகிறது.

அந்த ஆர்.என்.ஏ.யில் இருப்பவை ஏறத்தாழ 10,700 எழுத்துகள். கலத்தின் இறைபோசோம்கள் அதைத் தம்முடைய கட்டளை போலவே வாசித்து ஒரே நீண்ட புரதத்தை உருவாக்க, அது பத்துத் துண்டுகளாக வெட்டப்படுகிறது. அத்துண்டுகள் கலத்தினுள் உள்ள சவ்வு வலையான அகமுதலுருச் சிறுவலையின் மென்சவ்வை உட்குழித்துக் குமிழ்களை உண்டாக்கும். 2009 இல் ஹைடல்பேர்க் ஆய்வாளர்கள் இவற்றை முப்பரிமாணத்தில் படம்பிடித்தபோது, ஒவ்வொன்றுக்கும் குறுகிய கழுத்து போன்ற வாய் இருப்பது தெரிந்தது. கலத்தின் எச்சரிக்கைப் புரதங்களின் கண்ணில் படாமல் பிரதிகள் தயாராவது இந்த மறைவிடத்தில்தான். பிரதி எடுக்கும் நொதியத்துக்குப் பிழை திருத்தும் ஆற்றல் இல்லை. எனவே ஒரே நோயாளியின் உடலில்கூட ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட வைரஸ்கள் பிறக்கின்றன. 1989 இல் தலைகாட்டிய திரிபின் மூலமும் இத்தகைய பிழைகளே.

புதிய வைரஸ் வெளியேறும் வழியிலும் அமிலம் உண்டு. அங்கேயே உறைப்புரதம் விழித்துக்கொண்டால் எல்லாம் வீண். அதனால் ஒவ்வோர் உறைப்புரதத்தின் நுனியிலும் ஒரு மூடிப்புரதம் பொருந்தியிருக்கிறது. வெளியேறும் வழியிலுள்ள கொல்கி உடலைக் கடக்கும்போது மனிதக் கலத்தின் ஃபியூரின் என்ற நொதியம் அதை வெட்டிவிட, கலத்துக்கு வெளியே மூடி கழன்று விழுகிறது. அடுத்த கலத்தைத் தாக்க வைரஸ் தயார். இத்தனை நுட்பத்தையும் சுமப்பது பத்தே புரதங்கள் என்பது வியப்பூட்டுவது, அச்சமூட்டுவதும்கூட.

தொற்றிய கலம் வைரஸை மட்டுமன்றி என்.எஸ்.1 என்ற புரதத்தையும் குருதியில் கொட்டுகிறது. காய்ச்சலின் முதல் நாள்களிலேயே வைத்தியர் எழுதித்தரும் 'என்.எஸ்.1 டெஸ்ட்' தேடுவது இதைத்தான். சோதனைப் பட்டியில் தோன்றும் இரண்டாவது கோடு, எங்கோ கலங்களுக்குள் வைரஸ் பெருகிக்கொண்டிருப்பதற்கான சாட்சி. குருதிக்கலன்களின் சுவரைக் கசியச் செய்வதில் இப்புரதத்துக்கே பங்குண்டு என்று 2015 இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

இரண்டாம் முறை, வேறொரு வகை டெங்கு தொற்றும்போது ஆபத்து கூடுகிறது. பாங்கொக் சிறுவர்களை அறுபதுகளில் ஆராய்ந்த ஸ்கொட் ஹால்ஸ்டெட் முன்வைத்த விளக்கம் இன்றும் நிற்கிறது: பழைய தொற்றில் உருவான பிறபொருளெதிரிகள் புதிய வகையைச் செயலிழக்கச் செய்யாமல் பற்றிக்கொள்கின்றன. அப்படிப் பற்றிய வைரஸை நிர்ப்பீடனக் கலங்களே இழுத்து உள்ளே விடுகின்றன. நான்கு வகைகளும் மாறிமாறி வரும் இலங்கையில் இது ஏட்டளவிலான கவலை அல்ல. 2009 இல் முதலாம் வகையின் புதிய மரபொன்று பரவியபோது 35,000 பேர் பாதிக்கப்பட்டனர். 346 பேர் மாண்டனர். 2017 இல் இரண்டாம் வகை மேலோங்கி 186,101 நோயாளர் பதிவாகினர். கண்டி மாவட்டமும் தப்பவில்லை.

கலத்தினுள் வைரஸின் இரு புரதங்கள் இணைவதைத் தடுக்கும் மொஸ்னோடென்விர் என்ற மருந்து நம்பிக்கை தந்தது. ஆனால் தயாரித்த நிறுவனம் 2024 இல் களச் சோதனையை நிறுத்திவிட்டது. வைரஸை நேரடியாகத் தாக்கும் மருந்து இன்னும் வைத்தியசாலைக்கு வந்து சேரவில்லை. வார்டில் நடப்பது குருதிக்கலன்களின் கசிவோடு நடத்தும் போராட்டமே. காய்ச்சல் தணியும் வேளையில் தொடங்கும் 24 முதல் 48 மணித்தியாலங்களில் குருதிச் செறிவும் சிறுநீர் அளவும் திரும்பத் திரும்பக் கணிக்கப்பட்டு, அதற்கேற்ப நீர் ஏற்றப்படும். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. 2009 இல் நோயாளர் நூறு பேருக்கு ஏறத்தாழ ஒருவர் இறந்தார். 2017 இல் நோயாளர் தொகை ஐந்து மடங்கானபோது, இறந்தவர் நானூறு பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்திருந்தனர்.